முதல் ஆர்டர் வரும் முன்பே செய்த செலவு

வேலையை விட்டுவிட்டுத் தையல் கடை வைத்தவர் ஒருவர் கேட்டார்: "கடை போட்டது நவம்பரில். முதல் ரவிக்கை தைத்தது ஜனவரியில். நடுவில் கொடுத்த வாடகையெல்லாம் வருமான வரிக் கணக்கில் வீண்தானா?" இல்லை. மெஷின் போட்டு, கரண்ட் இழுத்து, ஆர்டர் எடுக்கத் தயாரான நாளிலிருந்தே தொழில் அமைந்துவிட்டதாகக் கொள்ளலாம்; அன்றிலிருந்து கொடுத்த வாடகையைச் செலவாகக் கழிக்கலாம். தொழில் அமைவது வேறு, வியாபாரம் தொடங்குவது வேறு; இந்த வித்தியாசத்தை பம்பாய் உயர் நீதிமன்றம் 1954-லேயே தெளிவாக்கிவிட்டது. அதனால் கடை தயாரான தேதிக்கு ஆதாரம் முக்கியம்: வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், போர்டு மாட்டிய அன்று எடுத்த போட்டோ.

மெஷின் விலையை மொத்தமாகக் கழிக்க முடியாது. ஆண்டுக்கு 15% தேய்மானம்தான். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதிலும் பாதி. நவம்பரில் வாங்கிய 24,000 ரூபாய் மெஷினுக்கு முதல் வருடம் 1,800 ரூபாய். கடை அட்வான்ஸ் திரும்பி வரும் பணம், அது செலவே இல்லை.

ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு கணக்கில் ஏறாது. ஜிபேயில் அனுப்புங்கள். அப்புறம், கடைகளில் தரும் வழவழப்பான தாள் பில்களில் எழுத்து சில மாதங்களிலேயே வெளுத்துவிடலாம். வாங்கிய கையோடு போட்டோ எடுங்கள்.

விற்றுமுதலில் 8% அல்லது 6% லாபம் என்று காட்டும் உத்தேச முறையை எடுத்தால் இந்தச் செலவுகளைத் தனியாகக் கழிக்க முடியாது. முதல் வருடம் நஷ்டம் என்றால் முறையான கணக்கு எழுதி, கெடுவுக்குள் ரிட்டர்ன் போடுங்கள். அந்த நஷ்டத்தை அடுத்த 8 வருட லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்.