'வேலை இல்லை' என்று அவர் சொல்லிவிட்டால்

என் மகளுக்கு நாலு வயதானபோது கணவரிடம் ஜீவனாம்சம் கேட்டு கோர்ட்டில் மனுப் போட்டேன். மூன்றாவது வாய்தாவில் அவர் பதிலுரை வந்தது: 'வேலை இல்லை, வருமானம் இல்லை, பெற்றோர் தயவில் இருக்கிறேன்.' அன்றைக்கு வீட்டுக்கு வந்து தையல் மெஷின்மேல் தலையைச் சாய்த்து அழுதேன். இல்லாதவரிடம் என்ன வாங்க முடியும் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு தப்பு. இன்று அதே நிலையில் இருக்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

கையில் சம்பளம் வருகிறதா என்று மட்டும் நீதிபதி பார்ப்பதில்லை. சம்பாதிக்கத் தெம்பும் தகுதியும் இருக்கிறதா என்று பார்ப்பார். உடம்பு நன்றாக இருப்பவர் கூலி வேலை செய்தாவது மனைவி பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் அஞ்சு கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நிஜமாகவே படுத்த படுக்கையாக இருப்பவர் விஷயம் வேறு. மருத்துவச் சான்றைப் பார்த்துத் தொகையைக் குறைப்பார்கள்.

ஜீவனாம்சத்துக்குச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று சட்டத்தில் கணக்கு கிடையாது. அதனால் நீங்கள் கொண்டுபோகிற காகிதம்தான் பேசும். 2020-இல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புப்படி இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அவர் எழுதியதை வரிவரியாகப் படியுங்கள். நான் அவருடைய ஐடிஐ சான்றிதழ் நகலையும், 18,000 ரூபாய்க்கான பழைய சம்பளச் சீட்டையும் கொடுத்தேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவர் போட்ட புது பைக் படமும் என்னிடம் இருந்தது. வேலையை விட்டதாக எழுதியிருந்த தேதிக்கு இரண்டு மாதம் கழித்து வாங்கிய பைக். குறுக்கு விசாரணையில் என் வக்கீல் அம்மா ஒன்றுதான் கேட்டார்: "பெட்ரோலுக்கு யார் காசு கொடுக்கிறாங்க?" அவரிடமிருந்து பதிலே வரவில்லை. மாதம் 5,000 ரூபாய் என்று உத்தரவாயிற்று.

பிள்ளைக்கு ஆகும் செலவையும் காட்ட வேண்டும். ஸ்கூல் ஃபீஸ் ரசீது, வேன் காசு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு வையுங்கள். உங்கள் சம்பாத்தியத்தை மட்டும் மறைத்துவிடாதீர்கள். தையலில் வரும் 8,000 ரூபாயை நான் அப்படியே எழுதினேன். ஒரு பொய் மாட்டினால் நீங்கள் சொல்லும் மற்ற உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காகும். அதனால் நாளைக் கடத்தாதீர்கள். இந்த மனுவுக்கான பிரிவு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 144. வக்கீலுக்குப் பணம் இல்லையா? மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

உத்தரவுக்குப் பிறகும் பணம் வராமல் போகலாம். பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டால்தான் அதை வசூலிக்க வாரண்ட் கிடைக்கும். பணம் கட்டாமல் அவர் ஜெயிலுக்குப் போய் வந்தாலும் பாக்கி கழியாது. நான் மாதாமாதம் 10-ஆம் தேதி பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வந்து, பணம் வராத மாதத்தைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைக்கிறேன்.