மிக்கி மாண்டிலின் நீண்ட ஹோம் ரன்கள்: தூரம் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மாண்டில் பற்றிப் பேச்சு எடுத்தாலே முதலில் வந்து விழுவது, அவர் அடித்த பந்துகள் போன தூரத்தைச் சொல்லும் எண்கள்தான். 734 அடி, 656 அடி, 643 அடி, 565 அடி. யாரோ ஒருவர் இவற்றை மேலிருந்து கீழாக அடுக்கி, ஒரு படத்தையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார். அது அப்படியே கை மாறிக்கொண்டே போகிறது. மாண்டிலின் பலத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு 1951 முதல் 1968 வரை ஆடி 536 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் போல, பந்தை எல்லைச் சுவருக்கு மேலே அடிப்பது) அடித்தவர் அவர். சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான உலகத் தொடர் ஆட்டங்களில் மட்டும் தனியாக 18. அந்தச் சாதனையை இன்னும் யாரும் தொடவில்லை.

சிக்கல் பட்டியலில்தான் இருக்கிறது. அதிலுள்ள நான்கு எண்களும் நான்கு வெவ்வேறு விஷயங்களைச் சொல்கின்றன. ஒன்று, பந்தைக் கண்டெடுத்த இடம். இன்னொன்று, பல வருடம் கழித்து நேரில் பார்த்தவர்களின் சொல்லை வைத்துப் போட்ட கணக்கு. மற்றொன்று, வழியில் எதிலும் படாமல் போயிருந்தால் பந்து எங்கே விழுந்திருக்கும் என்ற ஊகம். நான்காவது, லீக் ஆட்டத்தில் அடித்ததே அல்ல. இவற்றை ஒரே வரிசையில் நிறுத்துவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

565 அடியில் தொடங்குவோம். அதன் கதைதான் ஓரளவு முழுமையாகத் தெரியும். 1953 ஏப்ரல் 17, வாஷிங்டன் நகரின் கிரிஃபித் ஸ்டேடியம். எதிரணி வாஷிங்டன் செனட்டர்ஸ், பந்து வீசியவர் இடது கை பிட்சர் சக் ஸ்டாப்ஸ். மைதானத்தில் கூட்டமே இல்லை, சுமார் 4,200 பேர்தான். மாண்டில் அடித்த பந்து லெஃப்ட் சென்டர் (நடுவுக்குச் சற்று இடது) பக்கம் பறந்து, பிளீச்சர் எனப்படும் கூரையில்லாத இருக்கைகளுக்கு மேலே போய், பின்சுவரின் மேல் நின்ற ஸ்கோர்போர்டில் இருந்த பீர் விளம்பரத்தை உரசிவிட்டு, மைதானத்துக்கு வெளியே போய் விழுந்தது. யாங்கீஸின் விளம்பரப் பொறுப்பாளர் ரெட் பேட்டர்சன் உடனே வெளியே ஓடினார். ஓக்டேல் பிளேஸ் என்ற தெருவில் ஒரு சிறுவன் கையில் பந்து இருந்தது. எங்கே எடுத்தாய் என்று கேட்டார், சிறுவன் ஒரு வீட்டின் பின்புறத்தைக் காட்டினான்.

இப்போது கூட்டிப் பாருங்கள். மட்டையாளர் நின்று அடிக்கும் இடமான ஹோம் பிளேட்டிலிருந்து பிளீச்சரின் முன்சுவர் வரை 391 அடி. அங்கிருந்து பின்சுவர் வரை 69 அடி. ஆக 460. பின்சுவரிலிருந்து அந்த வீட்டுப் பின்புறம் வரை 105 அடி என்று பேட்டர்சன் சொன்னார். மொத்தம் 565. மறுநாளே பத்திரிகைகளில் இந்த எண் வந்துவிட்டது. டேப் பிடித்து அளந்த ஹோம் ரன் என்ற பேரும் அதோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் பேட்டர்சன் கையில் டேப் இல்லை. காலடி வைத்துத்தான் அளந்தார்.

நான் பார்த்தவரை, காலடி அளவைப் பெரிய குற்றமாகப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. 105 அடியைக் காலால் அளந்தால் சில அடிகள் கூடும், குறையும், அவ்வளவுதான். அதைவிட முக்கியமானது, சிறுவன் காட்டியது பந்தை எடுத்த இடத்தை. அது விழுந்த இடமா, குதித்து உருண்டு நின்ற இடமா என்பது தெரியாது. தவிர, பந்து பலகையில் உரசியிருக்கிறது, அதனால் திசையும் வேகமும் மாறியிருக்கும். அதனால் 565ஐ எழுதும்போது "பந்து கண்டெடுக்கப்பட்ட இடம் வரை" என்று சேர்த்து எழுதுவது அவசியம். "565 அடி பறந்தது" என்பது அதிகப்படியான கூற்று.

சரி, அப்படியானால் உண்மையில் எவ்வளவு போயிருக்கும்? பேஸ்பால் இயற்பியலில் பல வருடம் உழைத்த ஆலன் நேதன், சுவரின் இடத்தையும் பலகையின் உயரத்தையும் காற்றையும் வைத்துக் கணக்குப் போட்டார். அவருக்கு 540 அடியை ஒட்டிய விடை கிடைத்தது. அவருக்கு முன்பே இதை ஆராய்ந்த ராபர்ட் அடேர் இன்னும் குறைத்து, 500ஐச் சற்றே தாண்டிய எண்ணைச் சொன்னார். இரண்டுமே 565க்குக் கீழேதான். இரண்டுமே அசாதாரணமான தூரமும்கூட.

இங்கே காற்றை மறக்கக்கூடாது. அன்று வாஷிங்டனில் மணிக்கு 20 மைலுக்கு மேல் காற்று, அதுவும் மைதானத்தின் தொலைப்பகுதியான அவுட்ஃபீல்டை நோக்கி. பின்னாலிருந்து 10 மைல் வேகத்தில் காற்று வீசினாலே உயரமாகப் போகும் பந்துக்கு 30 அடி போலக் கூடிவிடும். காற்றைச் சொல்லாமல் தூரத்தை மட்டும் சொல்வது பாதிக் கதை.

காற்று எதிர்க்கும் என்பதையே பலர் கணக்கில் எடுப்பதில்லை. பள்ளியில் படித்த வளைகோட்டை அப்படியே பேஸ்பாலுக்குப் பொருத்திவிடுகிறார்கள். மணிக்கு 100 மைல் வேகத்தில், 30 டிகிரி சாய்வில் ஒரு பந்து மட்டையை விட்டுக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாத இடத்தில் அது சுமார் 580 அடி போகும். நிஜ மைதானத்தில் சுமார் 400 அடிதான். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் காற்று தின்றுவிடுகிறது. ஏறும் பாதையும் இறங்கும் பாதையும் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. பந்து வேகம் இழந்துகொண்டே போவதால், உச்சியைத் தாண்டிய பிறகு ஏறியதைவிடச் செங்குத்தாக இறங்கும்.

இதோடு ஒரு கைக்கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். 100 மைல் வேகத்துக்கு 400 அடி. அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு மைலுக்கும் ஏறத்தாழ 5 அடி. துல்லியமான சூத்திரம் அல்ல, ஆனால் கட்டுக்கதையை அடையாளம் காண நல்ல கருவி.

அதை 734 அடியில் பொருத்திப் பார்ப்போம். 1963 மே 22, யாங்கீ ஸ்டேடியம். கன்சாஸ் சிட்டி அத்லெட்டிக்ஸ் அணியோடு ஆட்டம் வழக்கமான 9 இன்னிங்ஸைத் தாண்டி 11வது இன்னிங்ஸ் வரை இழுத்துவிட்டது. பில் ஃபிஷர் வீசிய பந்தை மாண்டில் ரைட் ஃபீல்டு (வலது) பக்கம் அடிக்க, அது மூன்றாவது அடுக்குக்கும் மேலே, கூரை விளிம்பின் அலங்கார முகப்பில் மோதி மைதானத்துக்குள் திரும்பி விழுந்தது. அந்த அடியோடு யாங்கீஸ் 8-7 என்று வென்றது. தன் வாழ்நாளில் அடித்த பந்துகளிலேயே இதுதான் பலமானது என்று மாண்டில் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதை நான் முழுதாக நம்புகிறேன். முகப்பு அவ்வளவு உயரம், ஹோம் பிளேட்டிலிருந்து சுமார் 370 அடி தள்ளி, தரையிலிருந்து 100 அடிக்கு மேல்.

அப்புறம் எங்கிருந்து வந்தது 734? பந்து முகப்பில் மோதும்போது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது, குறைந்தது உச்சியிலாவது இருந்தது என்ற அனுமானம்தான் அடிப்படை. உச்சியில் இருந்தது என்றால் பாதித் தூரம்தான் முடிந்திருக்கிறது, மீதிப் பாதி பாக்கி என்று தோன்றும். 370ஐ இரண்டால் பெருக்கிப் பாருங்கள், எங்கே போய் நிற்கிறது என்று தெரியும். ஆனால் காற்றில் போகும் பந்துக்கு உச்சி நடுவில் வருவதில்லை. அதைத் தாண்டித்தான் வரும். கைக்கணக்கின்படி, 734 அடி போக வேண்டுமானால் பந்து மட்டையிலிருந்து மணிக்கு 165 மைலுக்கு மேல் கிளம்பியிருக்க வேண்டும். இன்று எல்லா மைதானங்களிலும் கருவி வைத்து அளக்கிறார்கள். அப்படி அளந்ததில் மிக வேகமாகக் கிளம்பிய பந்தே 123 மைலை ஒட்டித்தான் இருக்கிறது.

"பந்து ஏறிக்கொண்டே போய் மோதியது" என்று நேரில் பார்த்தவர்கள் சொன்னது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு, 100 அடி உயரத்தில் தன்னை விட்டு விலகிப் போகும் பந்து இறங்கத் தொடங்கிவிட்டதா என்று கண்ணால் பிரித்துச் சொல்வது மிகவும் கடினம். அவர்கள் பார்த்ததைத்தான் சொன்னார்கள். அந்தச் சொல்லை வைத்து அடிக்கணக்கு எழுதியதுதான் பிழை. தடையில்லாமல் போயிருந்தால் அந்தப் பந்து 500 அடியைத் தாண்டியிருக்கும் என்பது நியாயமான கணிப்பு. அதற்கு மேல் இழுப்பதற்கு ஆதாரமில்லை.

இதே முகப்புக் கதையில் இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும். மாண்டில் அந்த முகப்பில் 1956 மே 30 அன்றும் ஒரு முறை அடித்திருக்கிறார், செனட்டர்ஸின் பெட்ரோ ராமோஸ் வீசிய பந்தில். 1956இல் நடந்ததை 1963இன் கதையோடு சேர்த்து ஒன்றாக்கிவிடுகிறார்கள். இரண்டும் வேறு.

அடுத்து 643 அடி, அதாவது டெட்ராய்ட் நகரில் அடித்ததற்கு வருவோம். 1960 செப்டம்பர் 10, பால் ஃபாய்டாக் வீசிய பந்து ரைட் ஃபீல்டு கூரைக்கு மேலே பறந்து, ட்ரம்புல் அவென்யூ சாலையையும் கடந்து, எதிரே இருந்த மரக்கடை வளாகத்தில் விழுந்தது என்பது பதிவு. கின்னஸ் புத்தகம் வரை இது போனது. 634 அடி என்றும் 643 அடி என்றும் இரண்டு எண்கள் சுற்றுகின்றன. இலக்கம் இடம் மாறியதுபோல இருக்கும் இந்த இரண்டில் எதைப் போட்டாலும், அதை அன்றைக்கே அளந்த எண்போல எழுதக்கூடாது. அளவெடுப்பு நடந்தது பல வருடம் கழித்து, பந்து எங்கே விழுந்தது என்று நினைவிலிருந்து சொன்னவர்களின் வார்த்தையை நம்பி. மைதானத்தின் பேரையும் கவனியுங்கள். அன்று அது பிரிக்ஸ் ஸ்டேடியம். டைகர் ஸ்டேடியம் என்ற பேர் 1961இல்தான் வந்தது.

656 அடி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1951 மார்ச் 26 அன்று, 19 வயது மாண்டில், லாஸ் ஏஞ்சலிஸில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணிக்கு எதிராக அடித்தது. சீசனுக்கு முந்தைய கண்காட்சி ஆட்டம். அவருடைய 536இல் அது சேராது. பட்டியலில் வைப்பதானால் தனியாக வையுங்கள்.

படம் போடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாண்டில் இரண்டு பக்கமும் ஆடுபவர். இடது கை பிட்சர் வந்தால் வலது கையால் ஆடுவார், வலது கை பிட்சர் வந்தால் இடது கையால் ஆடுவார். ஸ்டாப்ஸுக்கு எதிரான 1953 அடி வலது கை ஆட்டம். யாங்கீ ஸ்டேடியம் முகப்பும் டெட்ராய்ட் கூரையும் இடது கை ஆட்டம். கிரிஃபித் ஸ்டேடியம் கதைக்கு மேலே அவர் இடது கையில் சுழற்றும் படத்தைப் போட்டால், விவரம் தெரிந்தவர் மேற்கொண்டு படிக்கவே மாட்டார்.

இன்றைய எண்களோடு பழைய எண்களை நேருக்கு நேர் நிறுத்துவது இன்னொரு தவறு. 2015 முதல் மேஜர் லீக் மைதானங்கள் எல்லாவற்றிலும் ஸ்டாட்காஸ்ட் என்ற ஏற்பாடு, பந்தின் வேகத்தையும் சாய்வையும் பதிவு செய்கிறது. பந்து மேலடுக்கில் விழுந்தாலும், தரைமட்டம் வரை போயிருந்தால் எவ்வளவு என்று கணித்துச் சொல்கிறது. அந்தக் கணக்கில் ட்ரெவர் ஸ்டோரி 2018இலும் நோமர் மசாரா 2019இலும் அடித்த 505 அடிதான் உச்சத்தில் இருக்கின்றன. இதைப் பார்த்துவிட்டு "மாண்டில் 643 அடித்தார், இன்றைய ஆட்கள் 505ஐயே தாண்ட முடியவில்லை" என்று எழுதுகிறார்கள். ஆட்கள் சுருங்கவில்லை. அளக்கும் முறை மாறியிருக்கிறது.

இதிலும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டோரி அடித்தது டென்வரின் கூர்ஸ் ஃபீல்டில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த ஊரில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் அதே அடி அங்கே கூடுதல் தூரம் போகும். மசாராவின் அடிக்கு அந்த உதவி இல்லை. அவர் அடித்தது டெக்சாஸின் ஆர்லிங்டனில். என் கணக்கில் அது இன்னும் மதிப்பு மிக்கது.

நம் ஆட்கள் செய்யும் ஒப்பீடு வேறொன்று: 100 மீட்டர் சிக்சர். 100 மீட்டர் என்பது 328 அடி. பேஸ்பால் மைதானங்களில் நடுச்சுவரே பெரும்பாலும் 400 அடியில் இருக்கும். ஆனால் கிரிக்கெட் பந்து கனம் கூடியது, மட்டை வேறு, பந்து வரும் விதமும் வேறு. அதனால் இரண்டு எண்களையும் வைத்து யார் பலசாலி என்று தீர்ப்பு எழுத முடியாது.

பழைய அடிகளில் நம்பகமான எண் ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டால், நான் பாஸ்டனைக் காட்டுவேன். 1946 ஜூன் 9 அன்று பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ் அங்குள்ள ஃபென்வே பார்க் மைதானத்தில் அடித்த பந்து, ரைட் ஃபீல்டு பிளீச்சரில் உட்கார்ந்திருந்த ஒரு ரசிகரின் வைக்கோல் தொப்பியைத் துளைத்தது. 42ஆம் பகுதி, 37ஆம் வரிசை, 21ஆம் இருக்கை. பச்சை இருக்கைகளுக்கு நடுவே அது ஒன்றுக்கு மட்டும் பிற்பாடு சிவப்பு நிறம் கொடுத்தார்கள். தூரம் 502 அடி. பந்து எங்கே பட்டது என்பதில் தகராறு இல்லாததால் அந்த எண் நிற்கிறது. மாண்டிலின் அடிகளுக்கு இப்படி ஒரு தொப்பி அகப்படவில்லை.

கடைசியாக, எதிர்ப்பக்கத் தவறும் ஒன்று உண்டு. எனக்கு இதுதான் அதிகம் வருத்தம் தருவது. 734 பொய் என்று தெரிந்ததும் சிலர் மொத்தத்தையும் கட்டுக்கதை என்று தள்ளிவிடுகிறார்கள். 1951 உலகத் தொடரிலேயே முழங்கால் கெட்டு, மீதி வாழ்நாள் முழுக்கக் கட்டுப் போட்டு ஆடிய ஒருவர், 1956இல் பேட்டிங் சராசரி .353 (ஆயிரம் வாய்ப்புக்கு 353 வெற்றிகரமான அடி என்ற விகிதம்), ஹோம் ரன் 52, தன் அடியால் அணிக்குச் சேர்த்த ரன் 130 என்று மூன்றிலும் லீக்கில் முதலிடம் பிடித்தார். நேதனின் 540ஐ எடுத்தாலும் அடேரின் குறைந்த எண்ணை எடுத்தாலும், 1953 அடி இன்றைய அளவில் பட்டியலின் உச்சியில் நிற்கும், காற்று உதவியது என்ற குறிப்போடு.

எழுதும்போது எண்ணுக்குப் பக்கத்தில் அரை வரி சேர்த்தாலே போதும். 1953க்கு "565 அடி, பந்தைக் கண்டெடுத்த இடம் வரை; பின்காற்று". 1960க்கு "பின்னாளில் சாட்சிகளை வைத்து அளந்தது". 1951க்கு "கண்காட்சி ஆட்டம்". 1963க்கு மட்டும் மொத்தத் தூரம் என்று எதையும் போடாதீர்கள். "ஹோம் பிளேட்டிலிருந்து சுமார் 370 அடி தள்ளி, 100 அடிக்கு மேல் உயரத்தில், யாங்கீ ஸ்டேடியத்தின் கூரை முகப்பில் பட்டது" என்று எழுதினால் ஒரு சொல்லைக்கூட யாரும் மறுக்க முடியாது.