தோல் வெட்டும் அண்ணன் பேச ஆரம்பித்த கதை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்த புதிது. தோல் வெட்டும் அண்ணன் ஒருவரோடு தினமும் சேதாரக் கணக்கில் உரசல். பழகிப் பார்க்கலாம் என்று 'எந்த ஊரு, எத்தனை பசங்க' என வரிசையாகக் கேட்டேன், பெண் பார்க்க வந்தவன் மாதிரி. "குடியாத்தம்" என்றதோடு சரி.

கேள்வியை விட்டேன். மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் வீட்டுக் கதையைச் சொன்னேன். நாலாம் நாள், நான் சாப்பாடு கட்டிவந்த துண்டின் கரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "இது விசைத்தறிப்பா. எங்கப்பா குழித்தறியில கையால லுங்கி நெய்தவரு." அப்புறம் பேச்சு நிற்கவில்லை. பத்தாவதோடு படிப்பை விட்டது, தறிச்சத்தம் இல்லாமல் தூக்கம் வராதது, எல்லாம் வந்தது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு தோலை விரித்தார். முதுகுப் பக்கம் இறுக்கம். வயிற்றுப் பக்கம் இழுத்தால் இழுபடும், ஷூவின் முன்பக்கத்துக்கு ஆகாது. நான் சேதாரம் என்று எழுதியதில் பாதி அதுதான். பதிவேட்டில் அதற்குத் தனிக் கட்டம் போட்டேன். சண்டை முழுசாக நிற்கவில்லை. இப்போது தோலைக் கையில் பிடித்துக்கொண்டு போடுகிறோம்.