அவுட்போர்டு மோட்டாருக்கு அவசர இழுகயிறு: வீட்டிலேயே செய்வது எப்படி?

வள்ளத்தின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் தலையில் இருக்கும் ஸ்டார்ட்டர் கயிறு அறுந்துவிட்டால், அல்லது அதன் உள்ளே இருக்கும் சுருள் கம்பி போய்விட்டால், தனிக்கயிறு ஒன்றை ஃப்ளைவீலில் (மோட்டாரின் உச்சியில் சுழலும் கனமான சக்கரம்) சுற்றி இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். வாடைக்காற்றில் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் மோட்டார் நின்றுபோனால் காற்று வள்ளத்தைக் கரைப்பக்கமாகத் தள்ளும். அதே காற்றில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் நின்றால் வெளியே கொண்டுபோய்விடும். அதனால் கயிற்றைக் கரையிலேயே செய்து வைத்துவிடுங்கள்.

முதலில் கயிறு. 5 அல்லது 6 மி.மீ. தடிமனில் பாலியெஸ்டர் பின்னல் கயிறு வாங்குங்கள். நைலான் இழுக்கும்போது நீளும். கையில் இருந்தால் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். வலைக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பச்சை, நீல பிளாஸ்டிக் முறுக்குக் கயிறு இதற்கு வேண்டாம். வெயிலில் கிடந்தால் நார்நாராக உதிரும்.

நீளத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று நினைக்காதீர்கள். நீங்கள் ஒரே இழுப்பில் இழுத்து முடிப்பதற்குள் கயிறு முழுவதும் கழன்று வந்துவிட வேண்டும். வராவிட்டால், மோட்டார் பிடித்ததும் ஃப்ளைவீல் கயிற்றோடு கைப்பிடியையும் சேர்த்துச் சுழற்றி அடிக்கும். மேல்மூடியையும், அதன் கீழே கயிறு இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியையும் கழற்றி, ஃப்ளைவீலின் மேலுள்ள கப்பியில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அதற்கு மேல் இரண்டு சாண் விட்டு வெட்டினால் போதும். சிறிய மோட்டார்களுக்குப் பெரும்பாலும் ஒன்றேகால் மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும்.

வெட்டிய முனைகளை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்குங்கள். சூடு ஆறும்வரை விரலால் தொடாதீர்கள்.

ஒரு முனையில் எட்டு வடிவ முடிச்சு. கப்பியின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். முடிச்சு அதில் உட்கார வேண்டும், ஆனால் இறுகிச் சிக்கக் கூடாது. லேசாக அசைத்தாலே வெளியே வர வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் கயிற்றை ஃப்ளைவீலோடு கட்டிவிடாதீர்கள். வெட்டே இல்லாத மோட்டார் என்றால் இந்த வேலையை விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கேளுங்கள்.

மறுமுனைக்குக் கைப்பிடி. நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக்கருவேலத்துக்குப் பஞ்சமா? காய்ந்த கிளையில் நான்கு விரல் பிடிக்கும் அளவு வெட்டி, தோல் சீவி, நடுவில் துளை போட்டு, கயிற்றை நுழைத்து முடிச்சிடுங்கள். கைப்பிடி இல்லாமல் கயிற்றைக் கையில் சுற்றி இழுப்பது விரலுக்கு ஆபத்து.

கடலில் தேவைப்பட்டால் முதலில் நங்கூரம் போடுங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள். மேல்மூடியை எடுத்து, ஸ்டார்ட்டர் பெட்டியின் போல்டுகளைக் கழற்றுங்கள்; அதோடு கியர் பூட்டுக் கேபிள் இருந்தால் அதையும் விடுவிக்க வேண்டும். அதற்கப்புறம் கியரில் இருந்தாலும் மோட்டார் கிளம்பிவிடும், ஆகவே நியூட்ரலை மறுபடி பாருங்கள். முடிச்சை வெட்டில் வைத்து, மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்கள். பெரும்பாலான மோட்டார்களுக்கு இதுதான் திசை. பின்னால் யாரும் நிற்கக் கூடாது. மெதுவாக இழுத்து, தடை தெரிந்ததும் ஒரே வீச்சாக இழுங்கள்.

மோட்டார் பிடித்ததும் மூடியைத் திரும்ப மாட்ட முயலாதீர்கள். ஃப்ளைவீல் திறந்தபடி சுழலும். துண்டு, சட்டை நுனி, லுங்கி எதுவும் அருகில் போகக் கூடாது. ஸ்பார்க் பிளக் வயரையும் தொடாதீர்கள். அப்படியே கரைக்கு ஓட்டி வாருங்கள்.

கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, அந்தப் போல்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பானரோடு ஒரே டப்பாவில் போட்டு வள்ளத்தில் வையுங்கள்.