கூடாரம் மூடிக்கிடக்கும்போது பந்து வித்தைக்காரன் கையைக் காப்பாற்றுவது எப்படி

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது 21 நாள் என்றுதான் சொன்னார்கள். சரி, மூன்று வாரம்தானே என்று சர்க்கஸ் பெட்டியை ராயபுரம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தூங்கினேன், அதுதான் முதல் தப்பு. மே மாதம் திறந்து பார்த்தால் ஐந்து பந்தும் பத்திரமாக இருந்தன, அதைப் போடுகிற கைதான் இல்லை.

முதலில் வயிற்றுக்கு வழி பாருங்கள். ஆட்டம் திரும்ப வரும்வரை காத்திருக்கிறேன் என்று கடன் வாங்காதீர்கள். காய்கறி விற்கத் தடை இல்லை என்பதால் தெரிந்த அண்ணனோடு தள்ளுவண்டியில் போனேன். முகக்கவசத்தில் யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை, அதில் ஒரு நிம்மதி இருந்ததையும் மறைக்க மாட்டேன்.

அப்புறம் பந்து. ரப்பர் பந்து சின்ன வீட்டுக்கு ஆகாது, தவறினால் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். 120 கிராம் கேழ்வரகை மெல்லிய பையில் இறுக்கிக் கட்டி, வாய் வெட்டிய பலூன் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டுங்கள். விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். (ரேஷன் அரிசியில் செய்யப் பார்த்தேன், அம்மா கரண்டியோடு வந்தார்.) மூன்று பந்துக்குக் கண் உயரம் போதும், ஐந்துக்குத் தலைக்கு மேலே இடம் வேண்டும், எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அது நடக்காது. மண்டி போடுங்கள், ஒன்றரை அடி கிடைக்கும். சுவரைப் பார்த்து நின்று போட்டால் பந்து முன்னால் ஓடாது. முதல் வாரம் பத்து நிமிடம் போதும், மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

புது ஆட்டம்? நோட்டை வைத்துக்கொண்டு யோசித்ததில் ஒன்றும் வரவில்லை. வந்தது தண்ணி லாரி வரிசையில். சுண்ணாம்பு வட்டத்துக்குள் தள்ளித்தள்ளி நின்றோம், லாரி வரவில்லை, கையில் காலிக் குடம். சும்மா ஒரு சுற்று சுற்றிப் போட்டேன், குடத்தின் கழுத்து தானாகக் கைக்கு வந்தது. பின்னால் நின்ற அக்கா, "தம்பி, இன்னொரு தபா போடு" என்றார். மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பார்வையாளர்! காலிக் குடம் காற்றுக்கு அலையும், அடியில் பழைய துணியை அழுத்தித் திணித்தால் சொன்ன பேச்சு கேட்கும். ஒரு குடம் படிந்த பிறகே இரண்டாவதை எடுங்கள்.

ஓட்டைக் குடத்தில் மட்டும் பழகுங்கள். நல்ல குடம் இரண்டை நான் உடைத்ததில், அடுத்த லாரிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு குடம்தான் போனது.