ஏ சீட்டா, எஃப் சீட்டா: வேலைக்காக அடிக்கடி பறப்பவர்களுக்கு

மருத்துவமனை ஸ்கேன் மிஷின்களைச் சர்வீஸ் செய்வது என் வேலை. சென்னையிலிருந்து டெல்லிக்கும் தூத்துக்குடிக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருப்பேன். இறங்கிய கையோடு மிஷின் முன்னால் நிற்க வேண்டும், அதனால் எந்த இடத்தில் உட்கார்ந்து போகிறேன் என்பதில் எனக்கு ரொம்ப அக்கறை உண்டு. நல்ல சீட்டுக்குப் பணத்தை விட முக்கியம், விமானத்தைத் தெரிந்துவைத்திருப்பதுதான்.

டிக்கெட்டில் விமானத்தின் வகை போட்டிருக்கும், அதை முதலில் பாருங்கள். ஏர்பஸ் ஏ320 என்றால் பக்கத்துக்கு மூன்று இருக்கை: இடப்பக்க ஜன்னல் ஏ, வலப்பக்க ஜன்னல் எஃப். தூத்துக்குடி போகிற சின்ன ப்ரொபெல்லர் விமானமான ஏடிஆர் 72-ல் பக்கத்துக்கு இரண்டுதான், நடு சீட் தொல்லையே கிடையாது. ஆனால் ஏடிஆரில் முன்பக்கம் சரக்கு அறை, நாம் ஏறி இறங்குவது பின்கதவு வழியாக. முன்வரிசையைக் காசு கொடுத்து வாங்கினால் கடைசி ஆளாகத்தான் இறங்குவீர்கள். ப்ரொபெல்லருக்கு நேராக உள்ள வரிசைகளில் இரைச்சலும் அதிகம். பின்பக்க ஜன்னல்தான் என் தேர்வு. இறக்கை மேலே இருப்பதால் தரை முழுக்கத் தெரியும்.

ஏ320-ல் கால் நீட்ட வேண்டுமா? இறக்கை மேல் அவசர வழி வரிசைகள் இரண்டு உண்டு. அதில் முன்வரிசையின் முதுகு சாயாது, சாய்ந்தால் பின்னால் இருக்கிற வழியை அடைத்துவிடும். எனவே பின்வரிசையைக் கேளுங்கள். லேப்டாப் பையைக் கூட மேலே வைக்கச் சொல்வார்கள், விமானம் மேலே ஏறும்போதும் தரையிறங்கும்போதும் காலடியில் எதுவும் இருக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தையோடு வருபவர்களுக்கும் அங்கே இடம் தர மாட்டார்கள். கதவைத் திறக்கும் முறையைப் பணிப்பெண் சொல்லும்போது போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். ஆபத்து என்றால் நாம்தான் திறக்க வேண்டும்.

குலுக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இறக்கைப் பக்கம்தான் நல்லது, வால் பக்கம் ஆட்டம் அதிகம். கடைசி வரிசை வேண்டவே வேண்டாம்: கழிப்பறைக்குக் காத்திருப்பவர்கள் தோளை உரசிக்கொண்டு நிற்பார்கள்.

அப்புறம் வெயில். காலையில் சென்னையிலிருந்து டெல்லிக்குப் போனால் விமானம் வடக்கே போகும், கிழக்கு வெயில் வலப்பக்க எஃப் சீட்டில் விழும். எனவே ஏ. சாயங்காலம் திரும்பும்போது தெற்கே வருகிறோம், மேற்கு வெயில் மறுபடி வலப்பக்கம்தான். அப்போதும் ஏ. ஜன்னல் மூடியை இழுக்காமலே ரிப்போர்ட் எழுதி முடிக்கலாம்.

முன்வரிசைக்குக் காசு கட்டும் முன் ஒரு கேள்வி: செக்-இன் லக்கேஜ் போட்டிருக்கிறீர்களா? என் டூல் பாக்ஸை உள்ளே விட மாட்டார்கள், லக்கேஜில்தான் போடுவேன். சீக்கிரம் இறங்கி என்ன பயன்? பெல்ட்டில் பெட்டி வரும்வரை நிற்கத்தானே வேண்டும். கைப்பையோடு மட்டும் போகிறவர்களுக்குத்தான் முன்வரிசை பிரயோஜனம்.

கம்பெனி டிராவல் டெஸ்க் டிக்கெட் போட்டால் கார்ப்பரேட் கட்டணத்தில் போடச் சொல்லுங்கள், பெரும்பாலும் சீட்டும் சாப்பாடும் அதிலேயே வந்துவிடும். உங்கள் போன் நம்பரும் மைலேஜ் நம்பரும் (அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் உறுப்பினர் எண்) அதில் ஏறியிருக்கட்டும், இல்லாவிட்டால் செக்-இன் செய்தி டெஸ்க்கோடு நின்றுவிடும்.

இலவச சீட்டு என்றால் வெப் செக்-இன் திறந்த உடனே நீங்களே தேர்ந்தெடுங்கள், சிஸ்டத்திடம் விட்டால் நடு சீட்டைத்தான் தள்ளும். தனியாகப் போகும்போது, ஜன்னல் எடுக்கப்பட்டு நடு காலியாக இருக்கும் வரிசையில் நடைபாதை ஓரத்தைப் பிடிப்பேன், பின்பாதியில். ஜோடியாக வருகிறவர்கள் அதைத் தொட மாட்டார்கள், நடுவும் பல நேரம் காலியாகவே இருந்துவிடும்.

முந்தின இரவு சீட் மேப்பை இன்னொரு முறை திறந்து பாருங்கள். பயணத்தைக் கைவிட்டவர்களின் நல்ல இடங்கள் அப்போது காலியாகியிருக்கும். கவுண்டரிலும் கேட்கத் தயங்காதீர்கள். "மேடம், நடுவுல ஆள் இல்லாத வரிசை ஏதாவது இருக்கா?" என்று நிதானமாகக் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள், விமானம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது அவர்கள் திரையில்தான் தெரியும். விமானத்தை மாற்றிவிட்டதாகச் செய்தி வந்தால் உடனே சீட் நம்பரைச் சரிபாருங்கள். ஏ320-க்குப் பதில் ஏ321 வந்தால் அவசர வழி வேறு வரிசைக்குப் போய்விடும், காசு கொடுத்து வாங்கிய இடமென்றால் கவுண்டரிலேயே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.