தோட்டா நிரப்ப வீட்டில் ஓர் அறை

என் அப்பா சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். மருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விட வேண்டுமாம். நான் படித்து, கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, டல்லாஸ் பக்கம் வீடு வாங்கி, கடைசியில் அதே மருந்திடம்தான் வந்து நிற்கிறேன். சனிக்கிழமை தோறும் ரேஞ்சுக்குப் போய் த்ரீ நாட் எயிட் ரைபிளில் சுடுகிறேன். சுட்டபின் கீழே விழும் பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கூடு, கேப்பு (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), மருந்து, குண்டு என்று தோட்டாவில் இருப்பது நாலே பொருள். அதில் மறுபடி உபயோகப்படுவது கூடு ஒன்றுதான். சுட்டபோது விரிந்துபோன அதைப் பழைய அளவுக்குச் சுருக்கி, புதுக் கேப்பு வைத்து, மருந்து நிரப்பி, குண்டைப் பொருத்தினால் புதுத் தோட்டா.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்ய 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம் இடம் தராது. ஊரில் யாரும் இதைத் தொட வேண்டாம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குப் பொதுவாகத் தடையில்லை, விற்பதற்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். இன்னொன்று, நம்மவர்கள் பலருக்குத் தெரியாதது: எச்1பி விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் மாதிரியான சில விலக்குகள் இருந்தாலொழிய, துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு தோட்டாவைக் கூட வைத்திருக்கக் கூடாது. நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் ஆரம்பித்தேன்.

எல்லோரும் போல நானும் முதலில் கராஜில்தான் மேசை போட்டேன். டெக்ஸாஸ் கோடையில் கராஜ் ஓர் அடுப்பு. இன்றைய தோட்டாவில் போடும் புகையில்லா மருந்துக்குச் சூடு ஆகாது. அது கெடாமல் இருக்கச் சேர்த்திருக்கும் பொருள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கெட்ட மருந்தை டப்பாவைத் திறந்ததும் கண்டுபிடிக்கலாம்: புளித்த நெடி அடிக்கும், துருப்போலச் சிவந்த தூள் தெரியும். போதாக்குறைக்கு, என் கராஜ் மூலையில் கேஸ் வாட்டர் ஹீட்டர் எந்நேரமும் சின்னச் சுடரோடு நிற்கிறது. அப்பா பார்த்திருந்தால் மேசையைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பார்.

ஆகவே உள்ளே, ஏசி ஓடும் பத்துக்கு எட்டு அடி அறை. செய்த முதல் வேலை கார்ப்பெட்டைக் கிழித்து வினைல் தரை போட்டதுதான். சிந்திய மருந்தும் உருண்ட கேப்பும் கார்ப்பெட் மயிருக்குள் புகுந்தால் திரும்பி வராது. வாக்குவம் கிளீனரை இந்த அறைக்குள் கொண்டுவரவே கூடாது. மோட்டாரில் பொறி பறக்கும். துடைப்பமும் முறமும் போதும்.

மேசையில் சிக்கனம் பார்க்காதீர்கள். ரைபிள் கூட்டைச் சுருக்க, அதை அச்சுக்குள் தள்ளும் பிரஸ்ஸின் கைப்பிடியை அழுத்தும்போது லேசான மேசை அப்படியே எழும்பும். முக்கால் அங்குல ப்ளைவுட் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினேன். சுவருக்குள் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டங்களில் மேசையின் பின்பக்கத்தை முடுக்கினேன். சட்டம் இல்லாத வெறும் சுவர்ப் பலகையில் அடித்த ஸ்க்ரூ ஒரு மாதம்கூட நிற்காது. பிரஸ்ஸை மேசைக் காலுக்கு நேர் மேலே வைத்து, பலகையைத் துளைத்துப் போகும் போல்ட், வாஷர் போட்டு இறுக்குங்கள். உயரம் எனக்கு முப்பத்தெட்டு அங்குலம், நின்றுகொண்டே வேலை செய்வேன். உட்கார்ந்து செய்பவர்கள் இன்னும் தாழ்வாக வைக்கலாம்.

தராசு அந்த மேசையில் இருக்கக் கூடாது. பிரஸ் ஆடும்போதெல்லாம் முள்ளும் ஆடும். சுவரில் தனியாக ஒரு சின்னத் தட்டு, கண் மட்டத்தில், அதில் தராசு மட்டும். மருந்தை எடை போடும் அளவு கிரெய்ன். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறோம். ஊர்ப் பழக்கத்தில் நான் சீலிங் ஃபேன் மாட்டியிருந்தேன். தராசு பரதநாட்டியம் ஆடியது. இப்போது ஃபேன் இல்லை, ஏசித் துவாரத்தையும் வேறு பக்கம் திருப்பிவிட்டேன்.

விளக்கு முன்பக்கம், அலமாரிக்கு அடியில் இருக்கட்டும். தலைக்கு மேல் இருந்தால் உங்கள் நிழலே கூட்டுக்குள் விழும். மருந்து போட்ட ஐம்பது கூடுகளையும் குழி போட்ட கட்டையில் வரிசையாக நிறுத்தி, குண்டு வைக்குமுன் டார்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் பாருங்கள். பிஸ்டல் தோட்டாவில் மருந்து பாதிக் கூட்டைக் கூட நிறைக்காமல் போகலாம். தவறி இரண்டு தடவை போட்டாலும் வழியாது. துப்பாக்கி வெடித்த பிறகுதான் தெரியும். எவ்வளவு மருந்து என்று என்னைக் கேட்காதீர்கள். மருந்துக் கம்பெனி வெளியிடும் கையேட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், அதில் சொன்ன தொடக்க அளவில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்து, பத்திரப்படுத்துவது. இரும்புப் பெட்டிதான் பத்திரம் என்று தோன்றும். அது தப்பு. சிவகாசிப் பிள்ளைகளுக்கு இது தெரியும்: காகிதத்தை இறுக்கிச் சுற்றினால்தான் வெடி, அதே மருந்தைப் பிரித்துக் கொட்டினால் புஸ்ஸென்று எரிந்து போகும். மூடிய இரும்புக்குள் மருந்து பற்றினால் அது வெடிகுண்டு. அதனால்தான் இங்குள்ள தீப்பாதுகாப்பு விதி மரப்பெட்டி என்கிறது. வீட்டில் இருபது பவுண்டு மருந்து வரை அதன் சொந்த டப்பாவிலேயே வைக்கலாம். அதற்கு மேல் ஐம்பது வரை என்றால் ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும். கேப்பு பத்தாயிரம் வரை. உங்கள் ஊரில் இதைவிடக் கடுமையான விதி இருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். நான் எட்டுப் பவுண்டைத் தாண்டியதில்லை, அதையே மரப்பெட்டியில் வைத்துப் பூட்டுகிறேன். கேப்பு அறையின் எதிர்மூலையில், கடையில் வந்த அட்டையிலேயே. ஒன்று வெடித்தால் அடுத்தது வெடிக்காதபடி இடைவெளி விட்டு அடுக்கிய அட்டை அது. அழகாக இருக்கிறதென்று கண்ணாடி பாட்டிலில் கொட்டி வைத்தால் எல்லாம் ஒரே வெடியாகப் போகும்.

தீயணைப்பான் ஒன்று மாட்டியிருக்கிறேன், ஆனால் அது காகிதத்துக்கும் மரத்துக்கும்தான். மருந்து எரியத் தேவையான ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. பற்றிக்கொண்டால் அணைக்கப் பார்க்காமல் ஓட வேண்டும். அதனால் மேசைக்கும் கதவுக்கும் நடுவே நாற்காலி, குப்பைக்கூடை எதுவும் இல்லை.

ஈயத்தை மறந்துவிடாதீர்கள். சுட்ட கேப்பில் ஈயத்தூள் ஒட்டியிருக்கும். கூடுகளைச் சுத்தம் செய்ய உமி மாதிரித் தூளில் உலர்வாகக் குலுக்கினால் அது அறை முழுக்கப் பறக்கும். நான் தண்ணீரும் எஃகு ஊசியும் போட்டு, வீட்டுக்கு வெளியேதான் சுற்றவிடுகிறேன். அறைக்குள் காப்பி, முறுக்கு கிடையாது. கை கழுவாமல் பிள்ளையைத் தொடுவதும் கிடையாது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு தப்பு செய்தேன். ஒருநாள் இரவு, மருந்தை அளந்து கூட்டில் நிரப்பும் கருவியில் மிச்ச மருந்தை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். மேசையில் இரண்டு டப்பாக்கள். மறுநாள் காலையில் கருவிக்குள் இருப்பது எது? இரண்டும் பொடிப்பொடியாக, ஒரே சாம்பல் நிறம். மோந்து பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இதுதான் என்று ஒரு டப்பாவில் கொட்டப் போன கை பாதியில் நின்றது. அப்பா ஆலையில் ஒரு மேசையில் ஒரு மருந்துக்கு மேல் விட்டதே இல்லை. கருவியில் இருந்ததை முழுக்கப் பின்கட்டுப் புல்வெளியில் மெல்லியதாகத் தூவினேன். வேண்டாத கொஞ்சம் மருந்தைத் தீர்க்க அதுவும் ஒரு வழி. அதிலிருக்கும் நைட்ரஜன் உரமாகிவிடும். அன்றிலிருந்து மேசையில் ஒரே டப்பா. அதன் பெயரை எழுதிய டேப் கருவியில் ஒட்டியிருக்கும். எழுந்து போகும்போது கருவி காலி.

அந்த வருடம் புல்வெளியில் ஒரு திட்டு மட்டும் கரும்பச்சையாக நின்றது. என்ன உரம் போட்டீர்கள் என்று மனைவி கேட்டாள். நான் கம்பெனிப் பெயர் சொல்லவில்லை.